அச்சடித்தால் போதுமா?

என் அக்காள் மகளின் கல்யாணப் பத்திரிகையை முன்னிட்டு ஒரு நண்பரோடு எனக்குச் சண்டை வந்துவிட்டது. சண்டை இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. நேரில் பேசும்போது அவர் குரல் என் குரலைவிடப் பெரியது. ஆகையால் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டேன்.

நண்பர் படித்தவர், நல்லவர், பெரிய கம்பெனி ஒன்றில் பெரிய பதவி வகிப்பவர். பத்திரிகையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இனிமேல் இதிலே மனுஷன் கைக்கு என்ன ஸார் வேலை? கம்ப்யூட்டரில் வரைகிறான், பொத்தானை அமுக்குகிறான், பத்திரிகை வந்து விழுகிறது. மடிக்கிறவன், ஒட்டுகிறவன், பைண்டிங் செய்கிறவன் எல்லாம் நேற்றைய ஆட்கள். அவர்களுக்காகப் பரிதாபப்படலாம், காசு கொடுக்க முடியாது" என்றார்.

அவர் கையிலிருந்தது ஒழுங்காக மடிக்கப்பட்ட பத்திரிகை. ஒழுங்கில்லாமல் மடிக்கப்பட்டவை நானூறு, என் அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. அவற்றை அவர் பார்க்கவில்லை. வாசகர்களாவது பார்க்கட்டும்.

ஆண்டர்சன் தெருவைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனில் காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பேர்போன தெரு அது. அந்த வட்டாரத்துக் கடை ஒன்றில் அறுநூறு பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். குற்றத்தில் பாதி என்னுடையது. நல்ல கனமான அட்டை. நடுவில் ஒரே ஒரு மடிப்பு. வெளிப்பக்கம் முழுவதும் அரக்குச் சிவப்பு. அதன்மேல் பொன்னிறத்தில் எழுத்து. பில்லில் கடைக்காரர் 'மடிப்புக் கூலி, ஒன்றுக்கு ஒரு ரூபாய்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். "இதற்குக்கூடவா காசு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டார். ஐந்து நாள் அவகாசம் கேட்டார்; மூன்று நாளில் வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். அறுநூறு ரூபாயையும் இரண்டு நாளையும் மிச்சம் பிடித்துவிட்ட சாமர்த்தியத்தை எண்ணி மகிழ்ந்தபடியே பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. நானூறு மடித்தவை; இருநூறு மடிக்காமல் தட்டையாக, "நேரமில்லை, வீட்டில் நீங்களே மடித்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லோடு. அச்சைக் குறை சொல்ல முடியாது. எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடியில் வெட்டியதுபோல் இருந்தது. நிறம் ஒரு பத்திரிகைக்கும் இன்னொன்றுக்கும் இம்மிகூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொன்றின் முதுகிலும், மேலிருந்து கீழ்வரை, சிவப்பு வெடித்து உள்ளேயிருந்து வெள்ளைக் காகிதம் பல்லைக் காட்டியது.

அக்காள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்துப் பார்த்தாள். "சம்பந்தி வீட்டுக்கு இதையா கொண்டுபோய்க் கொடுப்பது? பத்திரிகையே வெடித்து வந்திருக்கிறதே" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சகுனம் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. அவள் முகத்தைப் பார்க்கிற வழக்கம் உண்டு.

கடைக்குத் திரும்பிப் போனேன். "பிரிண்டிங் பாருங்க ஸார், ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றார். மடிப்பைக் காட்டினேன். "அது அட்டையோட குணம் ஸார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கைக்காரரிடம் திரும்பிவிட்டார்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் பைண்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். என் பழைய புத்தகங்களுக்கு அவர்தான் வைத்தியர். வெடித்த பத்திரிகையையும் தட்டையான பத்திரிகையையும் அவர் முன் வைத்து, கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. அட்டையோட குணம்தான். அந்தக் குணம் தெரிஞ்சு மடிக்கணும் தம்பி" என்றார் பாய்.

தட்டையான பத்திரிகை ஒன்றை எடுத்து, மடிக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து லேசாக வளைத்தார். பிறகு திருப்பி வைத்து மறுபக்கமாக வளைத்தார். "இந்தப் பக்கம் வளைச்சா சொன்னபடி கேக்குது. அந்தப் பக்கம் முரண்டு பண்ணுது. முரண்டு பண்ற பக்கமாப் பார்த்து மடிச்சிருக்காங்க" என்றார்.

காகிதத்துக்கும் மரத்தைப்போல நாரோட்டம் உண்டு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் காகிதத்தின்மேல் எழுதிப் பிழைத்தவனுக்குக் காகிதத்தைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருந்தது! காகித ஆலையில் கூழ் ஓடுகிற சல்லடையின்மேல் பரவி ஓடும்போது, அதிலுள்ள நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்ளுகின்றன. அந்தத் திசையை ஒட்டி மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறியும். மேலே பூசிய பூச்சும் மையும் அதோடு சேர்ந்து உடையும். காற்றில் ஈரம் ஏறினால் நார் நீளத்தில் அதிகம் வளருவதில்லை, குறுக்கில்தான் பருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சில புத்தகங்களின் பக்கங்கள் முதுகுப்பக்கம் அலை அலையாக நெளிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். நாரோட்டம் முதுகுக்கு இணையாக இல்லாமல் குறுக்கே விழுந்துவிட்டது.

"அது தெரியாமலா குறுக்கே போட்டார்கள்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சும் போடுவாங்க. அட்டையைத் திருப்பிப் போட்டா ஒரு தாளுக்கு ஒரு பத்திரிகை கூடுதலாக் கிடைக்கும். நீங்க பேரம் பேசியிருப்பீங்களே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பாராமல் பசைக் கிண்ணத்தைப் பார்த்தார். அவர் மரியாதை தெரிந்தவர்.

வெடித்த நானூறையும் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். மடிக்காத இருநூறைக் காப்பாற்றலாம் என்றார். அடுத்த வீட்டு அச்சகத்தில் ஒரு பழைய ஹைடல்பர்க் இருந்தது. 1914இல் ஜெர்மனியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்த யந்திரத்தின் வம்சம். இரண்டு கைகள் காற்றாடிபோலச் சுழன்று, மாறி மாறிப் புதுத் தாளை எடுத்துக் கொடுத்து, முடிந்த தாளை வாங்கி வைக்கும். ஈய எழுத்தில் அச்சடிப்பதற்காகப் பிறந்த அந்த யந்திரத்தின் உற்பத்தி 1985இல் நின்றது. ஈய எழுத்தும் அநேகமாகப் போய்விட்டது. யந்திரம் போகவில்லை. இன்று அது மடிப்புக்குக் கோடு போடுகிறது, அட்டையை உருவத்துக்கு வெட்டுகிறது, பொற்தகட்டை அழுத்துகிறது, ரசீதுப் புத்தகத்துக்கு நம்பர் போடுகிறது. புதிய ஆப்செட் யந்திரம் நிறத்தைக் கொட்டுமே தவிர, அட்டையை அழுத்திக் கோடு போட அதற்கு வராது.

அந்த யந்திரத்தில் மழுங்கிய ஓர் இரும்புப் பட்டையைப் பூட்டி, எதிர்த் தட்டில் அட்டை ஒட்டி, பட்டைக்கு நேரே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்காலின் அகலம் பட்டையின் கனத்தையும் காகிதத்தின் கனத்தையும் பார்த்து அமைய வேண்டுமாம். முதல் தாளில் கோடு ஆழம். பாய் உதட்டைப் பிதுக்கினார். அடியிலிருந்து ஒரு மெல்லிய தாளை உருவினார்கள். இரண்டாவது மேலோட்டம். அரைத் தாள் ஒட்டினார்கள். ஆறாவது தாளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். பிறகு யந்திரம் கடகடவென்று ஓடி, இருநூறையும் சில நிமிஷங்களில் முடித்துவிட்டது.

அட்டையில் ஒரு பக்கம் பள்ளம். மறு பக்கம் சின்ன வரப்பு. பள்ளத்தை உள்ளே வைத்து மடிப்பதுதான் முறை என்று எண்ணி நான் ஒன்றை எடுத்தேன். பாய் கையைப் பிடித்துத் தடுத்தார். நேர்மாறு! வரப்புதான் மடிப்பின் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் வெளிப்பக்கத்துத் தோல் இழுபடாமல் மடங்கும். பட்டறையில் இரண்டு பெண்கள் அவற்றை மடித்தார்கள். மூங்கிலில் சீவி வழவழப்பாக்கிய ஒரு பட்டைக் குச்சி, ஒரே இழுப்பு, அடுத்தது. சிவப்பில் ஒரு கீறல் இல்லை. குறுக்கு நாராகவே இருந்தும் இல்லை!

மீதி நானூறை, நாரோட்டம் பார்த்து, புதிதாக அச்சடித்து வாங்கினேன். ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் பத்தாயிரம் ரூபாய். மிச்சம் பிடித்த அறுநூறின் கதை இதுதான். என் நண்பருக்குக் கணக்கு நன்றாக வரும். அவர் சொல்லட்டும், கைக்குக் காசு கொடுக்க முடியுமா முடியாதா என்று.

இனி வாதத்துக்கு வருகிறேன்.

யந்திரத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலே நாலு மையை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்று தவறாமல் நிறுத்தி, ஒரு பெண்ணின் பட்டுப்புடவையை அப்படியே தாளில் கொண்டுவருகிறதே, அதை எந்தக் கைக்காரன் செய்வான்? ஒரு முனையில் ரீலாக நுழைகிற காகிதம், கோடு போட்டு, மடித்து, கம்பி குத்தி, வெட்டி, மறு முனையில் பள்ளிக்கூட நோட்டாக வெளியே வரும் யந்திரங்களும் உண்டு. அவை இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த விலையில் நோட்டு ஏது? கையால்தான் தைக்க வேண்டும் என்று அங்கே போய்ச் சண்டை போடுகிறவன் மூடன்.

என் சண்டை 'அச்சடித்தாயிற்று. ஆகவே முடிந்தாயிற்று' என்ற எண்ணத்தோடு. அச்சு யந்திரத்திலிருந்து வெளியே வருவது வெறும் தாள். அது பத்திரிகை ஆகவில்லை, கவர் ஆகவில்லை, டைரி ஆகவில்லை, பேரேடு ஆகவில்லை. தாளுக்கு நீளமும் அகலமும் போதும். நாம் கையில் எடுக்கிற பொருளுக்குக் கனம் வேண்டும், மூலை வேண்டும், முதுகு வேண்டும். அது திறக்க வேண்டும், மூட வேண்டும், திறந்தபடி நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாயும் அந்த இரண்டு பெண்களும் நிற்கிறார்கள். எந்த யந்திரத்தைப் பூட்டினாலும் முதல் ஐந்து தாளைத் தடவிப் பார்த்து ஆறாவதில் தலையசைக்க ஓர் ஆள் வேண்டும். அந்தத் தலையசைப்பை விற்கும் கடை எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

வேறு உதாரணம் வேண்டுமானால் எழுந்து போய்ச் சுவரைப் பாருங்கள். தினசரி காலண்டர் தொங்குகிறதா? ராகுகாலம், எமகண்டம், கீழ்நோக்கு நாள், மேல்நோக்கு நாள் எல்லாம் யந்திரம் அச்சடித்ததுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் தன் முறை வரும்போது மட்டும், ஒற்றையாக, ஓரம் கிழியாமல் கையோடு வர வேண்டுமே! தாள்களை வரிசை பிறழாமல் சேர்த்து, தட்டிச் சமன் செய்து, தலைப்பில் இறுக்கமாக அடித்துப் பொருத்தியவரின் கையில்தான் அது இருக்கிறது. இறுக்கம் குறைந்தால் திங்களோடு செவ்வாயும் சேர்ந்து வந்துவிடும். கூடினால் பாதி நாள் அட்டையிலேயே தங்கிவிடும். வருஷம் முழுவதும் தினமும் காலையில் நாம் ஒருவருடைய கைவேலையைக் கிழித்துப் பார்க்கிறோம். ஒரு நாளாவது அவரை நினைத்ததுண்டா?

அந்தக் காலண்டர்களில் பெரும் பகுதி சிவகாசியில் பிறக்கிறது. அந்த ஊரின் கதையே என் கட்சிக்குச் சாட்சி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்குப் போனார்கள். திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சகங்கள் வந்தன. அந்த ஊரார் யந்திரத்தைக் கண்டு மிரளவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூட்டினார்கள். ஆனால் யந்திரம் ஓட ஓட, மடிக்கவும் ஒட்டவும் அடுக்கவும் கட்டவும் தேவைப்பட்ட கைகள் பெருகின. யந்திரம் வந்தால் கை போய்விடும் என்பது பாதி உண்மை. பல இடங்களில் யந்திரம் வந்ததனால்தான் கைக்கு வேலை வந்தது. அந்த வேலைக்கு மரியாதை மட்டும் வரவில்லை.

இங்கே இன்னொரு கூட்டத்தாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் என் நண்பருக்கு நேர் எதிர். யந்திரம் தொட்ட எதையும் தொடமாட்டார்கள். கைக்காகிதத்தில் உலர்ந்த பூவிதழைப் பதித்து, சணல் கயிறு கட்டி, ஒரு குறிப்பேட்டை எட்டு நோட்டின் விலைக்கு வாங்கி, அதில் ஒரு வரியும் எழுதாமல் மேஜைமேல் வைத்துக்கொள்ளுவார்கள். 'எவ்வளவு ஆத்மார்த்தமாக இருக்கிறது!' என்பார்கள். பேனாவை வைத்தால் மை பரவும், மூலை கோணல், முழுதாகத் திறக்காது. கேட்டால், "கோணல்தானே ஸார் கைவேலைக்கு அழகு?" என்று நமக்கே பாடம் சொல்லுவார்கள்.

கைவேலைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பாயிடம் போய், "உங்கள் வேலையின் அழகே கோணல்தான்" என்று சொல்லிப் பாருங்கள். நூற்றில் ஒரு மூலை மயிரிழை தள்ளிப்போனாலும் பிரித்து மறுபடி ஒட்டுகிற மனிதர் அவர். கைக்காகிதத்தை நான் இழிவாகப் பேசவில்லை. 1934இல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் ஏற்பட்டபோது, அதன் செயலாளராக இருந்த நம் தஞ்சாவூர்க்காரர் ஜே. சி. குமரப்பா வளர்க்கப் பாடுபட்ட தொழில்களில் அதுவும் ஒன்று. ஏழைக்கு வேலை கொடுப்பதற்காக அவர் அதை வளர்த்தார். பணக்காரன் மேஜைக்கு அலங்காரம் செய்ய அல்ல. காந்தியடிகளைக்கூட இவர்கள் சாட்சிக்கு இழுப்பார்கள். 1924இல் யந்திரங்களைப் பற்றிப் பேசும்போது, ஸிங்கர் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தவர் அவர். கையின் சிரமத்தைக் குறைத்து, கையை வேலையைவிட்டுத் துரத்தாத யந்திரத்தோடு அவருக்கே பகை இல்லை.

பாயிடம் ஒருநாள், "கையால் வெட்டின காலத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்குமோ?" என்று கேட்டேன். கதைக்காரன் புத்தி! ஏக்கத்தைத் தேடித்தான் போகும். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கட்டிங் மிஷின் வாங்கின அன்னிக்கு எங்க வாப்பா ஃபாத்திஹா ஓதி, தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாரு தம்பி. அவரு வலது தோள்பட்டை அதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றார்.

யந்திரத்தைக் கும்பிடுகிறவனும் கைவேலையைக் கும்பிடுகிறவனும் கூடி மறந்துவிட்ட விஷயத்தைச் சர்க்கரை வாங்கித் தின்ற அந்தச் சந்து அறிந்திருந்தது. சுமப்பதும் வெட்டுவதும் ஒரே வேலையை ஆயிரம் தடவை திரும்பச் செய்வதும் யந்திரத்துக்கு. எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் மடிப்பது, எப்போது நிறுத்துவது என்பது கைக்கு. இந்தப் பங்கீடு நன்றாக நடந்தால் பொருள் நன்றாக இருக்கும். ஒன்று மற்றதன் வேலையைப் பிடுங்கிக்கொண்டால் என் அலமாரியிலுள்ள நானூறு மாதிரி இருக்கும்.

பாயின் பட்டறை மூலையில் பழைய பேரேடு ஒன்று கிடக்கிறது. அவருடைய வாப்பா கட்டியது. பாரம் பாரமாக மடித்து, நாடாவின்மேல் நூலால் தைத்து, காலிக்கோத் துணி போர்த்தி, முதுகுக்குள் வில்போல வளைத்த கெட்டி அட்டையை வைத்த கட்டுமானம். திறந்தால் முதுகு துள்ளி மேலே எழும்பும். நடுப்பக்கம் பலகைபோல் சமமாகக் கிடக்கும். கணக்குப்பிள்ளை கையை வைத்து அழுத்திக்கொண்டு எழுத வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கண்டுபிடித்த இந்தக் கட்டு, கப்பலேறி வந்து, நம் ஊர்க் கைகளில் தங்கிவிட்டது. ஒட்டுப் பசை மைதாமாவு. பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம். அரை நூற்றாண்டாகியும் ஒரு பாரம் கழலவில்லை. போன வருஷம் ஒரு கம்பெனி எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்த டைரியோ ஆடி மாதத்துக்குள் ஏப்ரல் மேயை உதிர்த்துவிட்டது.

பேரேடு இன்று யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அதை மீட்டுக்கொண்டுவர நான் கிளம்பவில்லை. ஆனால் பேரேடு கட்டிய கைதான் என் அக்காள் மகளின் பத்திரிகையையும் காப்பாற்றியது. பொருள் போகலாம், பொருளைச் செய்த அறிவு அதோடு போக வேண்டியதில்லை. பாயின் மகன் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். "இதுல என்ன தம்பி கிடைக்குது? அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரலை" என்கிறார் பாய். மடிக்கிற அந்த இரண்டு பெண்களுக்கும் எண்ணிக்கைக்குக் கூலி. பண்டிகை, கல்யாண சீஸன் போனால் எண்ணிக்கையும் போய்விடும். ஒருநாள் அந்தச் சந்தில் பூட்டுத் தொங்கும். அன்றைக்கு நாரோட்டத்தை வளைத்துப் பார்த்துச் சொல்ல நான் யாரிடம் போவேன்? என் நண்பரிடமா?

நம் நாட்டில் 1867இல் ஒரு சட்டம் செய்தார்கள். அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான ஊரும் இருந்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். வெள்ளைக்காரன் அதைச் செய்தது அச்சுக்காரரைக் கௌரவிக்க அல்ல. யார் எதை அச்சடிக்கிறார்கள் என்று கண்காணிக்க. எந்தக் காரணத்துக்காகவோ, அச்சகத்தின் பெயர் புத்தகத்தில் நிலைத்தது. ஆனால் அதைத் தைத்துக் கட்டியவர் பெயர் கண்காணிப்புக்குக்கூட யாருக்கும் தேவைப்படவில்லை! 2023இல் புதுச் சட்டம் இயற்றி, 2024 மார்ச் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பழைய சட்டம் ரத்தாகிவிட்டது. புதுச் சட்டத்தில் புத்தகங்களைப் பற்றிய பேச்சே இல்லை. ஆக, இனி அச்சிட்டவர் பெயரைப் போடுவது கட்டாயத்தால் அல்ல, மரியாதையால். மரியாதை என்று வந்துவிட்ட பிறகு அதில் பாதியை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்? ஐரோப்பாவில் பைண்டர்கள் அட்டையின் உள்மூலையில் நகக்கண் அளவு ஒரு சீட்டில் தம் பெயரை ஒட்டிவைத்த காலம் இருந்தது. நம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூடக் கடையின் பெயர் இருக்கிறது. மடித்த கை மட்டும் அநாமதேயம்.

பெயர் போட்டால் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். நிறையாது. ஆகையால் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். அடுத்த தடவை பத்திரிகையோ லெட்டர் பேடோ ரசீதுப் புத்தகமோ அடிக்கக் கொடுக்கும்போது, பில்லில் மடிப்புக் கூலி, ஒட்டுக் கூலி, பைண்டிங் கூலி என்று எழுதியிருந்தால் அந்த வரியில் கை வைக்காதீர்கள். அச்சுக் கூலியில் வேண்டுமானால் பேரம் பேசுங்கள், யந்திரத்துக்குப் பசிக்காது. அட்டை எந்தப் பக்கம் வளைகிறது என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற வாடிக்கைக்காரர்கள் பத்துப் பேர் வந்தால், பாயின் மகனைக் கூப்பிடப் பாய்க்கு வாய் வரும். நம்மைப்போன்ற நடுத்தர வர்க்கத்தார்தாம் இந்தச் சாமான்களின் பெரிய வாடிக்கைக்காரர்கள். மலிவைக் கேட்கிறோம், அவசரத்தைக் கேட்கிறோம், வேலை கெட்டுப்போனால், "அந்தக் காலத்துத் தொழில்சுத்தம் இப்போது எங்கே?" என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தப் பெருமூச்சைப்போல ஒரு பாசாங்கு வேறில்லை. அறுநூறு ரூபாய்க்காக நானே அந்தத் தொழில்சுத்தத்தை அடித்துத் திருத்தச் சொன்னவன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பத்திரிகை கொடுக்கக் கிளம்பிய அன்று அக்காள் சந்தனமும் மஞ்சளும் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பத்திரிகையின் நான்கு மூலையிலும் விரலால் தொட்டு மஞ்சள் வைத்தாள். யந்திரம் முடித்த இடத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கை தொடங்குகிறது. அந்த மஞ்சள் படும்வரை அது வெறும் அட்டை என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. "சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்காதே, எண்ணி அடுக்கு" என்றாள். எண்ணி அடுக்கினேன்.

என் அடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயருக்குக் கீழே பைண்டரின் பெயரையும் போட வேண்டும் என்று பதிப்பாளரிடம் கேட்டேன். "வழக்கமில்லையே" என்றார். "வழக்கமாக்கினால் போயிற்று" என்றேன். சிரித்தார், பிறகு சரி என்றார்.

ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். அவர் பசைத் தூரிகையை வைக்கவில்லை. "பேரு எதுக்கு தம்பி? கட்டு நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் படி இறங்கப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது:

"போடறதுன்னா, எழுத்துப் பிழை இல்லாமப் போடச் சொல்லுங்க."